நரம்பும் சரி, தசையும் சரி: நகரிச் சிறுவன் ஒருவனின் டோக்-7 குறைபாடு

ஒன்பது வயதுப் பையன். ஆந்திர எல்லையில் நகரியில் விசைத்தறி ஓட்டும் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. இடுப்பிலும் தோளிலும் பலமில்லை என்று பல வருடங்களாக அலைந்திருக்கிறார்கள். என்னிடம் வரும்போது அவன் ஃபைலில் ‘தசைநலிவு நோய்’ என்று எழுதியிருந்தது. கடைசியில் பார்த்தால் தசை நலியவில்லை, நரம்பும் பழுதாகவில்லை. இரண்டும் சந்திக்கிற இடம் மட்டும் சரியாக வளராமல் சின்னதாக நின்றுவிட்டிருந்தது. அந்த இடத்தைக் கட்ட உதவும் டோக்-7 என்ற புரதத்தில் பழுது.

வளரும் நரம்பணு தன் துணையை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது, கண்டுபிடித்த பிறகு இணைப்பை எப்படிக் கட்டுகிறது என்பதை எலியிலும் கோழிக் கருவிலும் நிறையப் பார்த்திருக்கிறார்கள். மனிதரில் அது கண்முன் தெரிவது அபூர்வம். இந்தப் பையனிடம் தெரிந்தது. அதனால் விரிவாக எழுதுகிறேன். பெற்றோர் சம்மதித்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த கதை

நிறைமாதம், சுகப்பிரசவம். பிறந்ததும் நன்றாக அழுதான், பால் குடித்தான். ஒரு வயது முடிந்த கையோடு நடந்தும்விட்டான். சிக்கல் அதற்கு அப்புறம்தான். இரண்டு வயதில் அடிக்கடி விழ ஆரம்பித்தான். மூன்று வயதில் இடுப்பை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி நடந்தான். திண்ணையில் ஏற வேண்டுமென்றால் முதலில் கையை ஊன்றுவான், அப்புறம் முழங்காலை ஏற்றுவான், கடைசியாக உடம்பை இழுத்துக்கொள்வான்.

“காலைல நல்லாத்தான் போறான் டாக்டரம்மா. சாயங்காலம் ஸ்கூலு விட்டா அவங்க நைனா வண்டி எடுத்துக்கிட்டுப் போவணும். சில சமயம் ஒரு மாசம் பூரா எழுந்திருக்கவே மாட்டான். அப்புறம் தானா சரியாயி ஓடுவான். அதான் நடிக்கிறான்னு எல்லாரும் சொல்றாங்க” என்றார் அம்மா.

நோயின் பாதிக்கதை இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. தசை நார்கள் செத்துப்போகும் நோய் ஏதாவது என்றால் பையன் ஒரு மாதம் படுத்துவிட்டு அடுத்த மாதம் ஓட மாட்டான். இன்னொன்று, உரிய வயதில் நடந்தவன் பிறகுதான் தடுமாறியிருக்கிறான். பிறவித் தசைநோய்கள் பலவற்றில் நடக்கத் தொடங்குவதே தள்ளிப்போகும்.

குடும்பம் முதலில் போனது புத்தூருக்கு. இந்தப் பக்கத்தில் கால் சரியில்லை என்றால் யாரும் முதலில் நினைப்பது புத்தூர் கட்டுதான். அங்கே தொட்டுப் பார்த்தவர், எலும்பில் ஒன்றும் இல்லை, கட்டுப் போட வேண்டாம், பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நேர்மையான மனிதர். அதன்பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, ‘தசைநலிவாக இருக்கலாம்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ‘இருக்கலாம்’ என்பது அடுத்தடுத்த சீட்டுகளில் காணாமல் போய்விட்டது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுக்கிற குடும்பம். மலைக்கு 365 படி. ஐந்து வயதில் கொஞ்சம் படி ஏறிவிட்டு உட்கார்ந்துகொண்டானாம், இனி முடியாது என்று. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மறுபடி ஏறினான், மறுபடி உட்கார்ந்தான். அம்மாவுக்கு அது பிடிவாதமாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்தத் தகவல் எந்த ஸ்கேனையும்விட உதவியாக இருந்தது. வேலை செய்தால் பலம் இறங்குகிறது, உட்கார்ந்தால் கொஞ்சம் திரும்புகிறது. நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்தில் கோளாறு என்றால் பலம் இப்படித்தான் ஏறி இறங்கும்.

கல்யாணம் சொந்தத்திலா என்று கேட்டேன். “இவரு எனக்குத் தாய்மாமன்தான்” என்று கணவரைக் காட்டினார். பையனுக்கு மூத்த அக்கா ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

உடம்பில் பார்த்தது

தரையில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னேன். குப்புறத் திரும்பி, கையைத் தரையில் ஊன்றி, பிறகு தன் முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, உடம்பின்மேலேயே ஏறுவதுபோல நிமிர்ந்தான். இடுப்புத் தசை பலவீனம் என்பதற்கு இது போதும். இடுப்பை மடக்கும் பலம் ஐந்துக்கு மூன்று, தோளில் நான்கு. கணுக்காலும் கைவிரல்களும் ஏறக்குறைய இயல்பு. படுத்தபடி தலையைத் தூக்கச் சொன்னால் கழுத்து நடுங்கியது.

கெண்டைக்கால் பருக்கவில்லை. டூஷென் தசைநலிவில் அது பருத்து இறுகியிருக்கும். இமைகள் லேசாக இறங்கியிருந்தன, கண் மட்டும் எல்லாப் பக்கமும் சுழன்றது. நாக்கின் ஓரம் மெலிந்திருந்தது. இதைப் பலர் பார்க்காமல் விட்டுவிடுவார்கள், வாயைத் திறக்கச் சொன்னால் தொண்டையைப் பார்ப்பதே நம் பழக்கம். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பேசிக்கொண்டே இருந்தான், கை அவனுக்கே தெரியாமல் மெல்ல மெல்ல இறங்கியது. ஏன் இறக்கினாய் என்று கேட்டதும் குனிந்து கையைப் பார்த்தான். நடிக்கிற பிள்ளை அப்படிப் பார்க்காது.

ரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் இயல்பு. தசை உடையும் நோய்களில் அது எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். மூச்சுத் திறன் வயதுக்குக் குறைவு.

நரம்புத் தூண்டல் பரிசோதனைக்கு ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறிச் சென்னைக்குப் போனார்கள். இயக்க நரம்பை வினாடிக்கு மூன்று முறை தூண்டி, தசையின் பதில் அடுத்தடுத்துக் குறைகிறதா என்று பார்ப்பார்கள். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சந்திப்பில் கோளாறு. இவனுக்குக் கைத் தசையில் குறையவே இல்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் ‘இயல்பு’ என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். பரிசோதித்த மருத்துவர் விவரமானவர், பலவீனம் எங்கே இருக்கிறதோ அங்கேயும் பார்ப்போம் என்று கழுத்தும் தோளும் சேரும் டிரபீசியஸ் தசையைத் தூண்டினார். பதில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இறங்கியது. ஒரே ஒரு தூண்டலுக்கு இரட்டைப் பதில் வருகிறதா என்றும் பார்த்தார். வரவில்லை. நரம்பு தசைக்குச் சேதி சொல்லச் சுரக்கும் ரசாயனம் அசிட்டைல்கோலின், அதைப் பிடிக்கும் தசைப் புரதம் ஏற்பி. இந்தச் சந்திப்பு பழுதாகும் நோய்தான் மயஸ்தீனியா. இரட்டைப் பதில் இல்லாததால், அதில் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதி இல்லாத வகையும், ஏற்பி மூடத் தாமதமாகும் வகையும் பெரும்பாலும் விலகின.

ஏற்பிக்கும், சந்திப்பைக் கட்டுவதில் பங்குள்ள மஸ்க் என்ற தசைப் புரதத்துக்கும் எதிரான ஆன்டிபாடிகள் இல்லை. எனவே உடம்பே உடம்பைத் தாக்கும் மயஸ்தீனியாவாக இருக்கவும் வாய்ப்பு குறைவு. மிச்சம் பிறவி மயஸ்தீனியா.

மரபணு முடிவு வர நாளாகும். அதற்குள் பைரிடோஸ்டிக்மின் கொடுத்துப் பார்த்தார்கள். மயஸ்தீனியாவில் வழக்கமாகக் கைகொடுக்கும் மருந்து, அசிட்டைல்கோலின் சீக்கிரம் உடையாமல் காப்பது. முதல் வாரம் கொஞ்சம் தேறினான். மூன்றாவது வாரம் சோறு விழுங்கப் புரையேறியது, படுக்கையில் திரும்பிப் படுக்க முடியவில்லை. நிறுத்திவிட்டார்கள்.

இதை மருந்து பலிக்கவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பைரிடோஸ்டிக்மினால் மோசமாகும் பிறவி மயஸ்தீனியா வகைகள் சிலவே. தோள்-இடுப்புப் பலவீனம், கண் அசைவு இயல்பு, நாக்கு மெலிவு, வாரக்கணக்கில் ஏற்ற இறக்கம், இந்த மருந்தால் சரிவு எல்லாம் சேர்ந்தால் டோக்-7 என்று சந்தேகப்பட வேண்டும். முடிவும் அப்படியே வந்தது. டோக்-7 மரபணுவின் ஏழாவது எக்ஸானில், அதாவது புரதக் குறிப்பு எழுதிய ஏழாவது துண்டில், நான்கு எழுத்துகள் இரட்டித்திருந்தன, அதுவும் இரண்டு பிரதியிலும். ஐரோப்பிய நோயாளிகளிடம் மிக அதிகமாகப் பதிவான மாற்றம் இது. அப்பாவிடம் ஒரு பிரதி, அம்மாவிடம் ஒரு பிரதி.

நரம்பும் தசையும் ஒன்றையொன்று அறிவது

இயக்க நரம்பணு தண்டுவடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஆக்ஸான் என்ற நீண்ட இழை தொடைக்கோ தோளுக்கோ போய்ச் சேர வேண்டும். எந்தத் தசைக்கு என்பது புறப்படும் முன்பே பெருமளவு முடிவாகிவிடுகிறது. லின் லாண்ட்மெஸர் குழுவினர் கோழிக் கருவில் தண்டுவடத்தின் சில கணுக்களை வெட்டி முன்பின்னாகத் திருப்பி வைத்தார்கள். இடம் மாறிப் புறப்பட்ட ஆக்ஸான்கள் வழியில் திசை திருத்திக்கொண்டு தங்களுக்குரிய தசைக்கே போயின. 1963இல் ரோஜர் ஸ்பெரி சொன்ன கருத்தும் இதுதான். ஒவ்வொரு நரம்பணுவும் தன் மேற்பரப்பில் வேதி அடையாளம் தாங்கியிருக்கிறது, துணையின் அடையாளத்தோடு அதைப் பொருத்திப் பார்க்கிறது என்றார்.

சரி, ஆக்ஸான் தசைக்கு வந்துவிட்டது. ஒரு தசையிழையின் நீளம் முழுக்க எங்கே வேண்டுமானாலும் உட்காரலாமா? உட்காராது. பெரும்பாலும் நடுவில், ஒரு சின்னப் புள்ளியில்தான். அந்தப் புள்ளியை எது சொல்கிறது?

இதற்கு 1978இல் ஜோஷுவா சேன்ஸ், லாரன்ஸ் மார்ஷல், மக்மஹான் மூவரும் தவளையில் செய்த சோதனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. தசையிழைகளை அழித்தார்கள், நரம்பையும் வெட்டினார்கள். இழைகள் மறுபடி முளைக்காமல் கதிர்வீச்சால் தடுத்தார்கள். மிஞ்சியது இழையைச் சுற்றியிருந்த மெல்லிய உறை மட்டும், உள்ளே தசை கிடையாது. திரும்பி வளர்ந்த நரம்பு அந்த வெற்று உறையில், பழைய சந்திப்பு இருந்த அதே இடத்தில் வந்து நின்று சுரப்பு முனையைக் கட்டியது. அடுத்த வருடம் அதே ஆய்வுக்கூடம் மறுபக்கத்தைப் பார்த்தது. தசையை முளைக்கவிட்டார்கள், நரம்பை வரவிடவில்லை. புதுத் தசை தன் அசிட்டைல்கோலின் ஏற்பிகளைப் பழைய சந்திப்பின் இடத்திலேயே குவித்தது. ஆக, செய்தி அந்த உறையில் பதிந்து கிடக்கிறது.

அந்தச் செய்தி என்ன மூலக்கூறு என்று தேட நிறையச் சந்திப்புகள் உள்ள பொருள் வேண்டும். டார்பிடோ என்ற மின்திருக்கை மீனின் மின்னுறுப்பு ஏறக்குறைய முழுக்கவே இந்த மாதிரிச் சந்திப்புகளால் ஆனது. அதிலிருந்து பிரித்தெடுத்த புரதத்துக்கு 1987இல் அகிரின் என்று பெயர் வைத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை, தசையும் அகிரின் செய்கிறது. அப்படியானால் வந்திருப்பது நரம்பு என்று தசைக்கு எப்படித் தெரியும்? இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில், நரம்பணு மட்டும் 8 அல்லது 11 அல்லது 19 அமினோ அமிலங்களைக் கூடுதலாகச் செருகி அனுப்புகிறது. அந்த எட்டு இருந்தால் ஏற்பிகளைக் குவிக்கும் திறன் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. இல்லாவிட்டால் தசை கண்டுகொள்வதே இல்லை. துணையை அறிவது என்பது இங்கே எட்டு அமினோ அமிலங்களில் அடங்கிவிடுகிறது.

அகிரின் தசையின் வெளிப்புறத்தில் எல்.ஆர்.பி.4 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. அது பக்கத்திலிருக்கும் மஸ்க் என்ற நொதியைத் தூண்டுகிறது. மஸ்க் செல்லின் சவ்வைத் துளைத்து நிற்கிறது, வெளியே கேட்டதை உள்ளே சொல்ல வேண்டியது அதன் வேலை. உள்ளே அதைப் பிடித்துக்கொள்வது டோக்-7. 2006இல் தோக்கியோவில் யூஜி யமனாஷி குழு இதைக் கண்டுபிடித்தது, அதே வருடம் டேவிட் பீசன் தலைமையில் ஆக்ஸ்ஃபோர்டு குழு இந்த மரபணுவின் பழுதால் வரும் மயஸ்தீனியாவை விவரித்தது. டோக்-7 பிடிக்காவிட்டால் மஸ்க் முழுதாக விழித்துக்கொள்ளாது. விழித்தால் ராப்சின் என்ற புரதம் வழியாக ஏற்பிகள் ஓரிடத்தில் நெருக்கமாகக் குவியும், சவ்வு மடிப்பு மடிப்பாக ஆழமாகும்.

தசை சும்மா காத்துக்கிடப்பதும் இல்லை. இயக்க நரம்பே இல்லாத எலிக் கருவிலும் தசையின் நடுப்பட்டையில் ஏற்பிகள் தானாகக் கூடி நிற்கின்றன. இதற்கு அகிரின் வேண்டாம், ஆனால் மஸ்க்கும் டோக்-7உம் வேண்டும். அதாவது வருகிறவனுக்கு இடம் முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. நரம்பு வந்ததும் அகிரினோடு அசிட்டைல்கோலினையும் கொட்டுகிறது. அகிரின் தொட்ட குவியலை நிலைநிறுத்தும், அசிட்டைல்கோலின் மற்றக் குவியல்களைக் கலைத்துவிடும். ஒரே நரம்பு ஒரு கையால் கட்டுகிறது, மறு கையால் அழிக்கிறது. அழிக்கும் கையை எலியில் நிரூபித்திருக்கிறார்கள். அகிரின் இல்லாத எலியில் குவியல்கள் சிதறிப்போகும். அதே எலியில் அசிட்டைல்கோலினும் இல்லாமல் செய்தால் குவியல்கள் தப்பிவிடும்.

திருப்பிச் செல்லும் சேதியும் உண்டு. தசையின் எல்.ஆர்.பி.4 நரம்பு முனையைத் தொட்டு, ‘இங்கேயே நின்று சுரப்பு முனையாக மாறு’ என்று சொல்கிறது. 2012இல் எலியில் காட்டினார்கள். அப்புறம் ஒரே இழைக்கு வந்து சேர்ந்த பல ஆக்ஸான்களில் ஒன்றைத் தவிர மற்றவை பின்வாங்கும். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

மூளைக்குள்ளும் இதே பாணிதான், ஆனால் ஆட்கள் வேறு, கூட்டமும் அதிகம். அங்கே நியூரெக்சின், நியூரோலிஜின் என்ற புரதங்கள் இரு பக்கத்திலிருந்தும் கைகோக்கின்றன. 2000இல் ஒரு குழு நரம்பே அல்லாத வளர்ப்புச் செல்லில் நியூரோலிஜினை வைத்தது. அதைத் தொட்ட ஆக்ஸான்கள் அங்கே சுரப்பு முனையைக் கட்ட ஆரம்பித்துவிட்டன. மூளையில் ஒரு நரம்பணுவுக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள், ஒன்று குறைந்தால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும். தசையிழைக்குப் பொதுவாக இணைப்பு ஒன்றே ஒன்று. இங்கே ஒரு புரதம் அரைகுறையாக வேலை செய்தாலும் பையன் திண்ணையில் ஏற முடியாமல் போவது அதனால்தான்.

இவனிடம் நடந்தது

டோக்-7 முற்றிலும் இல்லாத எலிக்குட்டி மூச்சுவிட முடியாமல் பிறந்தவுடன் செத்துவிடும். ஏற்பிக் குவியலே உருவாகியிருக்காது. நம் பையன் பிழைத்து நடந்ததற்குக் காரணம், நான்கு எழுத்து இரட்டிப்பு புரதத்தின் பின்பகுதியைத்தான் வெட்டுகிறது. மஸ்க்கைப் பிடிக்கும் முன்பகுதி மிச்சமிருக்கிறது. பின்பகுதியில்தான் அடுத்த புரதங்களை அழைக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் இருக்கின்றன. ஆக, நரம்பு வந்த சேதி உள்ளே போகிறது, பலவீனமாக. சந்திப்பு உருவாகிறது, சின்னதாக, மடிப்பு ஆழமில்லாமல். டோக்-7 நோயாளிகளின் தசைத் துணுக்கில் கண்டது இதுதான். ஏற்பிகளின் நெருக்கம் இயல்பு, சந்திப்பின் பரப்புதான் குறைவு. மனிதச் சந்திப்பு எலியினதைவிட ஏற்கெனவே சின்னது. அதிலும் குறைந்தால் கையிருப்பு ஒன்றும் மிஞ்சாது, நாலு அடி எடுத்து வைத்தால் தீர்ந்துவிடும்.

பைரிடோஸ்டிக்மின் ஏன் கெடுத்தது என்பதையும் இப்போது பொருத்திப் பார்க்கலாம். சந்திப்பைக் கட்டும் கை இவனிடம் தளர்ந்திருக்கிறது, கலைக்கும் கை முழு பலத்தோடு இருக்கிறது. அசிட்டைல்கோலின் கூடுதல் நேரம் தங்கினால் முதலில் சிக்னல் கொஞ்சம் ஏறும், அதுதான் அந்த முதல் வாரம். பிறகு ஏற்கெனவே தளர்ந்த குவியலை அது மேலும் கலைக்கும். ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இப்படித்தான் போகிறது, இவன் போன போக்கோடும் அது ஒத்துப்போகிறது.

கொடுத்த மருந்து சால்பியூட்டமால் மாத்திரை. வீசிங்குக்கு ஊரெல்லாம் கொடுக்கிற அதே மருந்து, விலையும் அற்பம். தறியில் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் இருக்கும் என்று அப்பா சிரித்தார். இதயத்துடிப்பு, ரத்தப் பொட்டாசியம் இரண்டையும் பார்த்துவிட்டு, நரம்பியல் மருத்துவர் கண்காணிப்பில் குறைந்த அளவில் ஆரம்பித்து ஏற்றினோம். வீட்டிலிருக்கும் மாத்திரையை எடுத்து யாரும் இப்படிக் கொடுத்துப் பார்க்கக் கூடாது. கை நடுக்கம், படபடப்பு எல்லாம் வரும், இவனுக்கும் முதல் பத்து நாள் வந்தது.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பாட்டி கோபப்பட்டார். “சளிக்குக் குடுக்கற மாத்திரைய காலுக்குக் குடுத்தா எப்பிடிம்மா கேக்கும்?” நியாயமான கேள்வி. இந்த நோயில் சால்பியூட்டமாலும் எஃபெட்ரினும் மாதக்கணக்கில்தான் வேலை செய்யும் என்று முன்பே சொல்லியிருந்தேன், சொன்னதை நினைவில் வைத்துக்கொள்வது பாட்டியின் வேலை இல்லை. மூன்றாம் மாதம் தரையிலிருந்து ஒரு கை மட்டும் ஊன்றி எழுந்தான். ஆறாம் மாதம் ஆர்.டி.சி. பஸ்ஸின் உயரமான படியில் கம்பியைப் பிடித்துத் தானே ஏறினான். ஒரு வருடத்தில் மூச்சுத் திறனும் ஏறியது. இமை மட்டும் மாலையில் இன்னும் லேசாக இறங்குகிறது.

ஏன் இவ்வளவு மெதுவாக என்று அப்பா கேட்டார். தறிக்காரர், அவருக்குத் தெரிந்த மாதிரி கேட்டார்: “மோட்டாரும் நல்லாருக்கு, லைனும் நல்லாருக்கு, பிளக்குதான் லூசா? லூசுன்னா ஒரு தடவ டைட் பண்ணா முடிஞ்சுதே?” முதல் பாதி அப்படியே சரி. இரண்டாவது பாதிதான் இந்த நோயில் கற்க வேண்டியது. பிளக்கை ஒருமுறை மாட்டினால் அது அங்கேயே கிடக்கும். நரம்புச் சந்திப்பு அப்படிக் கிடப்பதில்லை. கருவில் அதைக் கட்டிய அகிரின், மஸ்க், டோக்-7 பேச்சு அதற்கப்புறமும் ஓய்வதில்லை. பேச்சு நின்றால் கட்டியதும் கலையும். 2001இல் கண்டறிந்த மஸ்க் ஆன்டிபாடி நோயே அதற்குச் சாட்சி. நாற்பது ஐம்பது வருடம் நன்றாக இருந்த ஆளுக்கு, மஸ்க்கை ஆன்டிபாடி தடுத்த சில வாரங்களில் சந்திப்பு குலைந்து முகமும் தொண்டையும் தளர்ந்துவிடும்.

இதே காரணத்தால்தான் ஒன்பது வயதிலும் இவனைத் தேற்ற முடிந்தது. வளர்ச்சிக்கால ஜன்னல் மூடிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்கிற நோய் இல்லை இது. சால்பியூட்டமால் பழுதான டோக்-7ஐத் திருத்துவதில்லை. தசைக்குள் வேறொரு வழியாக, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுவர் மூலம், குலைவதைத் தடுத்துச் சந்திப்பை நிலைப்படுத்துகிறது என்று கருதுகிறார்கள். தினம் கட்டி, தினம் கலைகிற ஒன்றில் கலைவது கொஞ்சம் குறைந்தால் போதும், மாதக்கணக்கில் கட்டடம் உயரும். 2014இல் யமனாஷி குழு வைரஸ் வழியாக டோக்-7 மரபணுவை எலிகளுக்குக் கொடுத்தது. நோய் தெரிய ஆரம்பித்த பிறகு கொடுத்தும் சந்திப்புகள் பெரிதாயின, பலம் கூடியது, ஆயுளும் நீண்டது. பையனின் அப்பா இது எப்போது வரும் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். எலியில் ஆனது ஆளுக்கு வர நாளாகும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

குடும்பம்

தாய்மாமன் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு, ஒரு குறிப்பிட்ட மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை கட்டினால் பதினாறில் ஒன்று. இதைச் சொல்லி யாரையும் மிரட்ட எனக்கு விருப்பமில்லை. எல்லையின் இரண்டு பக்கமும் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது, பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் இந்த வீட்டில் விஷயம் தெரிந்துவிட்டது.

அக்காவுக்குப் பதினைந்து வயது. அவளை அம்மாவின் தம்பிக்கு என்று சின்ன வயதிலேயே பேசிவைத்திருக்கிறார்கள். நோயில்லாத அவள் இந்த மாற்றத்தைச் சுமக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. அவளைப் பரிசோதிக்கச் சொன்னார் பாட்டி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு இப்போது அதனால் ஒரு வைத்தியமும் ஆகப்போவதில்லை. பதினெட்டு ஆகட்டும், வேண்டுமா என்று அவளே சொல்லட்டும். மாமன் வளர்ந்த ஆள், விருப்பமிருந்தால் அவர் கொடுக்கலாம் என்றேன். மறுவாரமே வந்து கொடுத்தார். அவரும் ஒரு பிரதி சுமக்கிறார். “அப்ப வேற எடம் பாத்துக்கிறேங்க” என்றார், பெண் தப்பித்தாளா தான் தப்பித்தோமா என்று தெரியாத ஒரு சிரிப்போடு. பாட்டி அதன்பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பையன் ஸ்கூல் பையில் இப்போது ஒரு அட்டை இருக்கிறது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. காய்ச்சல் வந்தால் இவர்கள் திருத்தணிக்கும் போவார்கள், திருப்பதிக்கும் போவார்கள், எங்கே யார் கையில் சிக்குவான் என்று சொல்ல முடியாது. பிறவி மயஸ்தீனியா, டோக்-7. பைரிடோஸ்டிக்மின் கொடுக்க வேண்டாம். ஜென்டாமைசின், அமிகாசின், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஊசி மெக்னீசியம் ஆகியவற்றை முடிந்தவரை தவிர்க்கவும். மயக்கமருந்து கொடுப்பவருக்கு முன்கூட்டியே சொல்லவும். சளியோடு மூச்சு வேகமாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் சேர்த்துக் கவனிக்கவும். சால்பியூட்டமால் மாத்திரையை, சளி இல்லையே என்று யாரும் நிறுத்த வேண்டாம். இந்தக் கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதினேன், ஏற்கெனவே ஒருவர் நிறுத்திவிட்டதால்.